ரத்தம் பார்த்துக் குறித்த முகூர்த்தம்

பாப்பா,

மயிலத்து முருகன் உன்னையும் மாப்பிள்ளையையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கிறான் என்று மனசுக்குத் தெரிகிறது. இருந்தாலும் நான் ஒரு தரம் கேட்டுவிட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். ஓசூர் குளிர் ஒத்துக்கொண்டதா? நான் கொடுத்தனுப்பிய மிளகாய்த்தூள் காரம் அதிகமில்லையே? இங்கே விழுப்புரத்தில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். ஒப்புக்கு எழுதவில்லை. அப்பா காலையில் தானே போய்ப் பால் வாங்கி வருகிறார். மாடிப்படி ஏறித் துணி காயப்போடுகிறார். நடுப்படியில் நின்று மூச்சு வாங்கும்போது நான் பார்ப்பது தெரிந்தால், எதிர்வீட்டுத் தென்னையில் எத்தனை காய் இருக்கிறது என்று எண்ணுவதுபோல் அண்ணாந்து நிற்கிறார். போனில் பேசாமல் எதற்கு இத்தனை பக்கம் என்று நீ கேட்பாய். போனில் நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால், "அது இருக்கட்டும்மா, அப்பா ரிப்போர்ட் என்னாச்சு?" என்று நடுவில் புகுந்துவிடுகிறாய். கடிதத்தில் அப்படிப் புக முடியாது. கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியது எனக்கு இன்னும் செரிக்கவில்லை. வயலில் மல்லாட்டைக் கடலை பிடுங்குகிறார்கள், மாமியார் வரச் சொல்லியிருக்கிறார், வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையோடு போக வேண்டும், ஆனால் போகப் பிடிக்கவில்லை என்றாய். "போயி என்னாம்மா பண்றது? என் கல்யாணத்தைவிட அவங்களுக்கு மல்லாட்டைதான் பெருசா இருந்தது. விதைப்பு முடியட்டும்னு கார்த்திகைல வெச்ச நாளைத் தைக்குத் தள்ளினாங்க. மண்டபம் வேணாம், களத்துல பந்தல் போதும்னாங்க. எல்லாத்துக்கும் மேல, அப்பாவைப் பாக்க வந்த பஸ் டிப்போ ஆளுங்களைப் பந்தல் வாசல்லயே மடக்கி அனுப்பினாங்க. அதை மட்டும் நான் மறக்கவே மாட்டேன்" என்றாய். நீ சொன்னது அத்தனையும் நடந்ததுதான். நானும் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆனால் உன் மாமியார் யாருக்காக அப்படிச் செய்தார் என்பது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிந்தும் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். சீர்வரிசையோடு ஒரு பொய்யையும் சேர்த்து உன்னைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நீ அங்கே போய்ச் சேர்வதற்குள் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம். மாப்பிள்ளையும் படிக்கட்டும். அவருக்கும் பாதிதான் தெரியும்.

உனக்குத் தெரிந்த கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆனியில் நிச்சயம் ஆனது, ஆவணிக்கு நாள் பார்த்தோம். ஆடி பிறந்ததும் அப்பாவின் இருமலில் ரத்தம் வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் கட்டி. அது என்ன கட்டி என்று நம் மூன்று பேருக்கும் தெரியும். திண்டிவனத்துச் சம்பந்தி வீட்டுக்கு மட்டும் நான் 'கட்டி' என்ற வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன். ஆவணிக் கல்யாணம் நின்றது. அப்போதே இரண்டு பேர் வந்து, பெண்ணுக்கு நிச்சயம் ஆனதும் அப்பனுக்கு வியாதி வந்ததே, பெண்ணின் ராசி எப்படி என்று என்னிடமே கேட்டார்கள். முப்பது வருடம் விழுப்புரம் திண்டிவனம் ரோட்டில் கண்டக்டராக இருந்து, கூட்டேரிப்பட்டில் வண்டி நிற்கும்போதெல்லாம் இறங்கி ஒரு சிகரெட்டை முடித்துவிட்டு ஏறிய மனுஷனுக்கு, உன் ராசியால்தான் நுரையீரல் கெட்டதாம். அவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். சர்க்கரை மட்டும் போடவில்லை.

ஐப்பசியில் சென்னை ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை. அதற்கு முதல் நாள் சின்ன வயசு டாக்டரம்மா ஒருவர் வந்து, கட்டியை எடுப்பதற்கு முன்னாலும் எடுத்த பின்னால் சில தடவையும் அப்பாவின் ரத்தம் கொஞ்சம் கொடுக்க முடியுமா என்று கேட்டது உனக்கு நினைவிருக்கும். நுரையீரல் கட்டியை எடுத்த பிறகு உடம்பின் காவல் செல்கள் எப்படி மாறுகின்றன என்று பலபேரிடம் பார்த்துக்கொண்டு வருகிறார்களாம். "இதனால உங்களுக்கு நேரடியா ஒரு பலனும் இல்லைங்க. பின்னால வர்றவங்களுக்கு உதவும். வேணாம்னாலும் வைத்தியத்துல ஒரு குறையும் வராது" என்று பச்சையாகச் சொன்னார். அப்பா சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார். அப்போது அந்தப் பெண் நம் மூவருக்கும் ஒரு விஷயத்தை விளக்கினார். காவல் செல்களுக்குக் கட்டி தெரியாமல் இல்லை. கட்டி அவற்றின் மேல் ஒரு பிரேக்கைப் போட்டுவிடுகிறது. பக்கத்திலேயே நின்றாலும் தொடாமல் விட்டுவிடுகின்றன. நாளாக நாளாக அவையும் களைத்துப்போகின்றன. அப்பா அதைக் கேட்டுவிட்டுச் சொன்னதைத்தான், பிடித்துப்போய், நீ ஊரெல்லாம் சொன்னாயே: "புரிஞ்சிது டாக்டர். டிக்கெட் எடுக்காம 'ஸ்டாஃப்'னு சொல்லிக்கினு ஏறிட்டான். செக்கிங்கும் பாத்துட்டு, நம்மாளுதானேன்னு விட்டுட்டான். இத்தினி நாள் ஓசியிலயே வந்துக்கினு இருந்திருக்கான்." டாக்டரம்மா சிரித்துக்கொண்டே ஊசியைக் குத்தினார்.

நீ லீவு முடிந்து கோயம்புத்தூரில் வேலைக்குத் திரும்பியது வரைக்கும்தான் உனக்குத் தெரியும். இனிமேல் எழுதுவதெல்லாம் உனக்குப் புதுசு. நான் எட்டாவதோடு நின்றவள். இங்கிலீஷ் எழுத்தை நீ ஒன்றாம் வகுப்பில் படித்தபோது உன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் படித்தேன். கேஸ் வந்த நாள், பால் வராத நாள், அரிசி மூட்டை பிரித்த நாள் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதுகிறவளுக்கு ஆஸ்பத்திரி ரிப்போர்ட் கிடைத்தால் எப்படி இருக்கும்? ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் வரி வரியாகப் பிரதி எடுத்துக்கொண்டேன். ஆபரேஷன் முடிந்து சில நாளில் வந்த ரிப்போர்ட்டில் வெள்ளை அணுக்களின் மொத்தம் நன்றாக ஏறியிருந்தது. வெள்ளை அணுதான் நோயோடு சண்டை போடுவது என்று படித்திருக்கிறேன். கட்டியை எடுத்ததும் காவல் இத்தனை ஏறிவிட்டதே, முருகா, நான் கேட்டதைவிட அதிகமாகக் கொடுத்துவிட்டாயே என்று ஆஸ்பத்திரி நடையிலேயே கண்ணை மூடிக் கும்பிட்டேன். அங்கிருந்தே உன் மாமியாருக்குப் போன் போட்டேன். "சம்பந்திம்மா, அவருக்கு ரத்தம் பிரமாதமா இருக்குது. ஜல்தியா ஒரு நாள் பாருங்க" என்றேன். யாரிடமும் கேட்கவில்லை. கணக்கு தெரியும் என்ற தைரியம் எனக்கு. அவர்கள் கார்த்திகையில் முதல் முகூர்த்தத்தைக் குறித்தார்கள். பத்திரிகை அடித்து, மூலையில் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையை மயிலம் மலையேறி முருகன் காலடியில் வைத்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகுதான் மறுபடி டாக்டரைப் பார்க்கப் போனோம். பஸ்ஸில் கூட்டத்தில் போகக் கூடாது என்பதால் வாடகைக் கார். அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து டிரைவருக்கு வழி நெடுகப் பாடம் எடுத்தார். நான் பெருமையாகப் பத்திரிகையை டாக்டரம்மாவிடம் நீட்டினேன். அவர் தேதியைப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்தத் தேதி யாரும்மா குறிச்சது?"

"நான்தான் குறிக்கச் சொன்னேன் டாக்டர். ரத்தம் ஏறிடுச்சே."

"அம்மா, நீங்க பார்த்தது மொத்தம். மொத்தம் ஏறியிருக்கு, சரிதான். ஆனா ஏறினது நியூட்ரோஃபில். அது காயம் பட்ட இடத்துக்கு ஓடி வர்ற செல். பெரிய ஆபரேஷன் பண்ணா யாருக்கும் ஏறும். காவல் காக்கிற லிம்ஃபோசைட் இதோ, இந்த வரி. ஆபரேஷனுக்கு முன்னாடி இருந்ததைவிட இறங்கியிருக்கு, பாருங்க."

அந்த வரியும் நான் என் கையால் பிரதி எடுத்த வரிதான். மேலேயே இருந்த மொத்தத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அதைக் கடந்து போயிருந்தேன். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்பாதான் என்னைக் காப்பாற்ற முந்திக்கொண்டார். "எங்கயாவது வண்டி கவுந்துட்டா டிப்போவே அங்க ஓடும்டி. மெக்கானிக்கு, ரெகவரி வண்டி, மேனேஜரு எல்லாரும் இருப்பாங்க. பாக்கறவனுக்கு அத்தினி கூட்டம். ஆனா ரூட்டுல டிக்கெட் குடுக்க ஆளு இருக்காது. அப்டித்தானே டாக்டர்?" டாக்டரம்மா ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு நிதானமாகச் சொன்னார். பெரிய ஆபரேஷன் ஆன உடனே காவல் கொஞ்ச நாள் இறங்குவது வழக்கம், பயப்பட வேண்டியதில்லை. வாரக்கணக்கில் அது திரும்ப ஏறும். கட்டியே இல்லாமல் போனதால் அது போட்டிருந்த பிரேக்கும் மெல்ல விடும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஒருத்தருக்குச் சீக்கிரம், ஒருத்தருக்கு மெதுவாக. ஏன் அப்படி என்று தெரிந்துகொள்ளத்தான் எல்லோரிடமும் ரத்தம் எடுக்கிறார்கள். ஆனால் அது ஏறுகிறவரைக்கும் கூட்டம் ஆகாது. மூடின மண்டபம் ஆகவே ஆகாது. யாரோ ஒருத்தர் சளியோடு வந்து கையைப் பிடித்தாலும், மீதி இருக்கிற நுரையீரல் அதைத் தாங்க வேண்டும்.

அப்போது அப்பா சொன்னார், வானிலை சொல்வதுபோல் சாதாரணமாக: "பத்திரிகை குடுத்தாச்சு டாக்டர். நாளு நிக்கட்டும். என் தம்பியும் அவன் பொண்டாட்டியும் தாரை வார்க்கட்டும். நான் மண்டபத்துக்கு வெளில வேன்ல உக்காந்துக்கினு, போன்ல பாத்துக்கறேன்."

திரும்பி வரும்போது கூட்டேரிப்பட்டு தாண்டுகிறவரை அவர் டிரைவருக்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு, "எத்தினி வூட்டுப் பொண்ணுங்களைக் கல்யாணத்துக்கு ஏத்திக்கினு போயிருக்கேன் தெரியுமா? சீரு தட்டு, வாழைக் கன்னு, நாதஸ்வரம், எல்லாம் நம்ம வண்டிலதான். மண்டபத்து வாசல்ல எறக்கி வுட்டுட்டு ரைட்டு குடுத்துடுவேன். உள்ள போனதில்ல" என்று சொல்லிச் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உன்னிடம் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆவணியிலேயே, "அப்பாவுக்குச் சரியாகாம எனக்குக் கல்யாணமே வேணாம்" என்று நின்றவள் நீ. கார்த்திகையை விட்டால் மார்கழி. மார்கழியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். தைக்குத்தான் போக வேண்டும். பெண் வீட்டால் இரண்டாவது தடவையும் நாள் மாறினால் ஊர் உன் ராசியைப் பற்றித்தான் பேசும். நாளை மாற்றாவிட்டால், அப்பா வேனில் உட்கார்ந்திருக்க, நீ வேறு யார் கையாலோ போக வேண்டும். இரண்டில் எதையும் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் கந்த சஷ்டி கவசத்தைச் சொல்லிக்கொண்டே திண்டிவனம் பஸ் ஏறினேன்.

அங்கே இறங்கி, கிளியனூர் பக்கம் போகும் பஸ் பிடித்து, அவர்கள் வீட்டுக்குப் போனேன். உன் மாமியார் வாசலில் சாக்கை விரித்து விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க சம்பந்திம்மா. ஒத்தையா வந்துக்கிறீங்க. மொகத்தைப் பாத்தா நல்ல சேதியா தெரியல."

"நாளை மாத்தணும் சம்பந்திம்மா."

அவர் கை நிற்கவில்லை. "நாளு மாத்தறது என்னா பஸ்சு மாத்தற மாதிரியா? திண்டிவனத்துல எறங்கி வேற வண்டி ஏறிக்கலாம்னு? ரத்தம் பிரமாதமா இருக்குது, ஜல்தியா பாருங்கன்னு போன்ல குதிச்சது யாரு?"

நானும் சாக்கின் மேல் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன். நான் கணக்கைத் தப்பாகப் பார்த்ததைச் சொன்னேன். ஓடி வந்த செல் வேறு, காவல் செல் வேறு என்பதைச் சொன்னேன். அப்பா வேனில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றதைச் சொன்னேன். கடைசியில், அதுவரை அந்த வீட்டில் சொல்லாத வார்த்தையையும் சொன்னேன். "அது சும்மா கட்டி இல்ல சம்பந்திம்மா. கேன்சரு. மறைச்சிட்டேன்."

"யாரு, நீங்களா மறைச்சீங்க?" என்றார் அவர். "நுரையீரல்ல கட்டி, சென்னைல ஆபரேஷன்னு சொன்னா, நான் என்னா வேர்க்குருன்னு நெனச்சிக்குவேனா? எனக்கு ஆவணிலயே தெரியும். நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். தைக்குள்ள அந்தக் காவலு ஏறிடுமா?"

"ஏறும்னுதான் சொல்றாங்க. உறுதி சொல்ல முடியாதாம்."

"ஏறலைன்னா?"

"ஏறலைன்னா அவரு தம்பிதான்."

அவர் இன்னும் நாலு காயை உரித்துப் போட்டார். பிறகு, "என் புள்ளைக்குத்தான் அப்பன் இல்லாத மணவறை. அந்தப் பொண்ணுக்காவது இருக்கட்டும். தைக்கே வெச்சிக்கலாம்" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. "அழுதுக்கினு பருப்பை நசுக்காதீங்க, அது விதை" என்று என் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டார். அப்புறம் அவரே எல்லாவற்றையும் அடுக்கினார். "பொண்ணு வூட்டாலதான் தள்ளிப்போச்சுன்னா பொண்ணு மேல போடுவாங்க. எங்க விதைப்புன்னு சொல்லிக்கலாம். மல்லாட்டை மேல போட்டா மல்லாட்டை என்னா கோச்சிக்குமா? மண்டபம் வேணாம். எங்க களத்துல பந்தல் போடறேன், நாலு பக்கமும் காத்து. கஞ்சப் பிசினாரின்னு சொல்லுவாங்க. சொல்லட்டும், இப்ப மட்டும் என்னா தர்மப் பிரபுன்னா சொல்றாங்க? உங்க பொண்ணுகிட்டயும் இதையேதான் சொல்றீங்க. அது தெரிஞ்சா தைலயும் கல்யாணம் நடக்காது."

பாப்பா, அன்றைக்கு நான் அங்கே இரண்டு வேளை சாப்பிட்டேன். முதலில் தட்டில் வந்தது கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். சஷ்டி விரதக்காரி கருவாடு சாப்பிட மாட்டாள் என்று தெரிந்ததும், தட்டை எடுத்துக்கொண்டு போய், திட்டிக்கொண்டே எனக்கு வேறு குழம்பு வைத்தார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். முருகன் காலடியில் வைத்துவிட்ட பத்திரிகைதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. சாமிக்குக் கொடுத்த நாளை மாற்றலாமா என்று கேட்டேன். "அவருக்கு என்னாடி பேஜாரு? ரெண்டு கல்யாணம் பண்ணவரு. ரெண்டு பத்திரிகை வெச்சா சந்தோஷப்படுவாரு" என்றார் உன் அப்பா. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் இரண்டாவது பத்திரிகையைக் கொண்டுபோய் வைக்கும்போது சந்நிதியில் அது நினைவுக்கு வந்து, சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மார்கழி முழுக்க நம் வீட்டு வாசலில் நான்தான் செக்கிங். பார்க்க வந்தவர்களை ஜன்னலோடு பேசவைத்து அனுப்பினேன். சாம்பிராணிப் புகை ஆகாது என்றதால், தூபத்தைக் கொல்லைக் குழாயடியில் காட்டிவிட்டு, உள்ளே விளக்கு மட்டும் ஏற்றினேன். ரத்தம் கொடுக்கப் போகும்போதெல்லாம் லிம்ஃபோசைட் வரியை மட்டும் முதலில் பார்த்தேன். மெல்ல ஏறியது. மார்கழி நடுவில் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டு மறுபடி இறங்கியது. அன்றைக்கு முருகனோடு நான் பேசவில்லை. விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். உன் மாமியார் தினம் போன் போட்டு ஒரே கேள்வி கேட்பார்: "காவலு எப்படி இருக்குது?" அவர் வயலில் விதை முளைத்துவிட்டது, செடி பிடித்துவிட்டது என்று பதிலுக்கு எனக்கு ஒரு சேதி சொல்வார். பொங்கலுக்கு முன்னால் வந்த ரிப்போர்ட்டை டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தார். ஆபரேஷனுக்கு முன்னால் இருந்த அளவுக்கு வந்துவிட்டது என்றார். திறந்த பந்தல் என்றால் போகலாம், மாஸ்க் போட வேண்டும், யாரும் தொடக் கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது, பந்தியில் உட்காரக் கூடாது. "தாரை வார்க்கலாமா டாக்டர்?" என்று நான் கேட்டேன். அது என்னவென்று அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார். "தண்ணிதானே? தாராளமா ஊத்துங்க" என்றார்.

கல்யாணத்தன்று நீ பார்த்ததை இப்போது திரும்ப நினைத்துப் பார். உன் மாமியார் தாலி இழந்தவர், மணவறைப் பக்கம் வரக் கூடாது என்று அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். "நான் அங்க நின்னு என்னா பண்ணப்போறேன், இங்க வேலை இருக்குது" என்று சொல்லி, பந்தல் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டார். சால்வையும் மாலையுமாக டிப்போ ஆட்கள் வந்தார்கள். அப்பாவைக் கட்டிப்பிடிக்காமல் அவர்களுக்குப் பேச வருமா? "அதையெல்லாம் இங்க குடுத்துட்டுச் சாப்பிடப் போங்க. தாரை வார்க்கறவரை யாரும் தொடக் கூடாது, ஐயரு சொல்லிட்டாரு" என்று ஒரே போடாகப் போட்டார். ஐயருக்கே அது தெரியாது. "முப்பது வருசம் கூட வேலை செஞ்சவன்மா நான்" என்று ஒரு டிரைவர் சண்டைக்கு வந்தார். "அப்ப இன்னும் முப்பது நாள் பொறுத்து வூட்டுக்குப் போயி பாரு" என்றார் உன் மாமியார். அந்த மனுஷர் திமிர் பிடித்த பொம்பளை என்று சொல்லிக்கொண்டே போனது உன் காதிலும் விழுந்தது. அவர் காதிலும்தான் விழுந்தது. முகூர்த்தம் முடிகிறவரை அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை, தன் ஒரே மகன் தாலி கட்டியதைத் தூரத்திலிருந்து, ஆட்களின் தலைக்கு மேலே எட்டித்தான் பார்த்தார்.

இங்கே அப்பா உன் கையைத் தன் கையில் ஏந்தி நின்றார். மந்திரம் நீண்டது. அவருக்கு மூச்சு வாங்குகிறதோ என்று நான் அவர் மார்பையே பார்த்துக்கொண்டு செம்பைச் சாய்த்தேன். தண்ணீர் அவர் கை வழியாக உன் கைக்கும், உன் கை வழியாக மாப்பிள்ளை கைக்கும் போனது. அப்பாவின் மாஸ்க் நனைந்திருந்தது. நான் ஊற்றிய தண்ணீர் அங்கே படவில்லை.

போன வாரம் மறுபடி ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். அந்த ஆராய்ச்சிக் கணக்கை நம்மிடம் தர மாட்டார்கள், அது எல்லோருடையதோடும் சேர்ந்து பின்னால்தான் தெரியுமாம். நம் கையில் தரும் ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது. வந்தது திரும்பி வராது என்று டாக்டரம்மா எழுதித் தரவில்லை, ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார். நானும் எழுதித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. இன்றைக்கு அப்பா பால் வாங்கி வந்தார், அது இன்றைக்குப் போதும். உனக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஒரு மனுஷியைப் பற்றி மனசில் மொத்தம் போடுவதற்கு முன்னால் வரி வரியாகப் பார். மொத்தத்தை மட்டும் பார்த்து நான் குதித்தேன். மொத்தத்தை மட்டும் பார்த்து நீ வெறுத்துக்கொண்டிருக்கிறாய். இரண்டும் ஒரே தப்புதான்.

கல்யாணம் முடிந்து மறுவீடு வந்தபோதே உன்னிடம் சொல்லிவிடலாமா என்று உன் மாமியாரைக் கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார். "இப்பதான் வந்திருக்குது. அப்பாவை நெனச்சிக்கினு ராத்திரி பகலா அழுவறதுக்கு, என்னைத் திட்டிக்கினு இருக்கட்டும். திட்டினா பசிக்கும், நாலு வாய் சாப்புடும்" என்றார். நான் அவருக்குக் கொடுத்த வாக்கை இந்தக் கடிதத்தில் மீறிவிட்டேன். முருகன் பார்த்துக்கொள்வான்.

வெள்ளிக்கிழமை போ. போனதும் காலில் விழுந்து, எல்லாம் தெரிந்துவிட்டது அத்தை என்று கண்ணைக் கசக்காதே, அவர்களுக்கு ஆகாது. எப்போதும்போல் ஏதாவது குறை சொல்வார்கள், புடவை கட்டியது சரியில்லை என்பார்கள், ஏன் இத்தனை நேரம் என்பார்கள். அப்போது வழக்கம்போல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல் சிரித்துவிடு. நீ சிரிப்பதை வைத்தே அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அன்று சாயங்காலமே எனக்குப் போன் வரும், திட்டுவதற்கு. நான் காத்துக்கொண்டிருப்பேன்.

உன் அம்மா